நாலா ஐந்தா

வீட்டில் சமைப்பவருக்கு நல்ல புத்தகம் எது
என்று கேட்டு வருகிறவர்களிடம்
நான் பெயர் சொல்வதில்லை.
முதுகு மேசையில் படும்படி நிறுத்தி
கையை எடுத்துவிடுங்கள் என்பேன்.
தானாக விரிகிற பக்கத்தில் கறை இருந்தால்
வாங்கலாம்.
படங்கள் மட்டும் பளபளத்தால்
வரவேற்பறைக்கு ஆகும்.

ரீகாவில் பழைய புத்தகம் விற்கிறவளுக்கு
ஜனவரியில் வேறு வேலை இல்லை.
ஆறு உறைந்து, அதன்மேல்
துளைபோட்டு மீன்பிடிக்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.
விலை சொல்லக் கூப்பிட்டார்கள் என்று
மூன்று மாடி ஏறினேன்.

ஐவார்ஸும் ஸ்கைத்ரீத்தேயும்
இருபத்தாறு வருஷத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
கட்டில் போயாயிற்று. பியானோ போயாயிற்று.
சமையல் புத்தகங்கள் மட்டும் நாற்பத்தொன்று
அடுப்படித் தரையில்,
என் பூட்ஸிலிருந்து வடிந்த பனிக்குச் சற்றுத் தள்ளி.

பிரெஞ்சுக் குழம்புகள் பற்றியது: அவர் எடுத்துக்கொண்டார்.
அதன் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன,
வாங்கின நாளில் ஒட்டியிருந்தபடி.
காளான்கள் பற்றியது: அவளுக்கு.
எந்தக் காளான் கொல்லும் என்ற அத்தியாயத்தை
அவள் புரட்டியபோது
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ரொட்டிப் புத்தகத்தின் தையலில் மாவு.
தட்டினேன், உதிர்ந்தது.
யாரும் பெருக்கவில்லை.

எல்லோரும் வேண்டும் வேண்டும் என்று அடித்துக்கொள்வதைப்
பார்த்திருக்கிறேன். இங்கே
ஒன்றை மட்டும் இருவரும்
வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினார்கள்,
விருந்தில் கடைசித் துண்டைத் தள்ளுவதுபோல.
அட்டை இல்லை. முதல் எட்டுப் பக்கம் இல்லை.
அதனால் பெயரும் இல்லை.
விலை போகாது என்றேன்.
சும்மா எடுத்துப் போங்கள் என்றார்கள்,
சேர்ந்து, ஒரே குரலில்.
அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில்தான்.

கடையில் மேசைமேல் நிறுத்திக் கையை எடுத்தேன்.
சுக்காங்கீரை சூப்பில் விரிந்தது.
ஓரங்களில் இரண்டு கை.
சாய்ந்த நீல மை அவள்,
ரசீதில் அப்படித்தான் கையெழுத்திட்டிருந்தாள்.
பென்சில் அவர்.
"சீமைச் சோம்பு பாதி போதும்" என்கிறது நீலம்.
"போதாது" என்கிறது பென்சில்.
"விருந்தாளி ஆறு, முட்டை மூன்று. சமாளித்தோம்."
இதை எழுதியது நீலம்; "தோம்" மட்டும்
பென்சிலால் அடிக்கோடு.
"உருளைக்கிழங்கு ஐந்து."
"நாலு."
"ஐந்து!"
"கெட்டியாகிவிடுகிறது, நாலு."
"ஐந்து ஐந்து ஐந்து"
அதன் கீழே ஒரு புளித்த பாலேட்டுச் சொட்டு,
முற்றுப்புள்ளி மாதிரி.

அந்த வாரம் முழுக்க அதிலிருந்துதான் சமைத்தேன்.
சாம்பல்நிறப் பட்டாணி, பன்றிக் கொழுப்போடு.
முட்டைக்கோஸை மெல்ல, மிக மெல்ல,
ஏனென்றால் பென்சில் அங்கே
"அவசரப்பட்டால் அழும்" என்று எழுதியிருந்தது.
முட்டைக்கோஸா அவளா, தெரியவில்லை.
சதகுப்பை வரும் இடங்களில் மட்டும்
இருவரும் சண்டை போடவில்லை.
"நிறைய" என்று நீலம்.
"நிறைய" என்று பென்சில்.

மார்ச்சில் ஆறு உடைந்தது.
மீன்பிடிக்கிறவர்கள் கரையேறினார்கள்.
ஒரு வியாழக்கிழமை ஸ்கைத்ரீத்தே வந்தாள்,
பையில் இளம் சுக்காங்கீரை,
மேலே எட்டிப் பார்த்தபடி.
சைக்கிள் வரைபடம் இருக்கிறதா என்று கேட்டாள்.
சைக்கிள் ஓட்டுகிற செருப்பில்லை அது.
வரைபடத்தை எடுத்துக் கொடுத்தேன்.
வடக்கை மேலும் கீழுமாக ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு
"அதை வைத்திருக்கிறீர்களா?" என்றாள்.
எது என்று நான் கேட்கவில்லை.
கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து நிறுத்தினேன்.
விரிந்தது.
அவள் தொடவில்லை. தலைகீழாகவே படித்தாள்.

"பென்சில் இருக்கிறதா?"
இருந்தது.
"நாலு என்று எழுதிவிடுங்கள்.
நாலுதான் சரி."
நீங்களே எழுதலாமே என்றேன்.
கையுறையைக் காட்டினாள், கழற்ற முடியாததுபோல.

எழுதினேன். மூன்றாவது கை.
ஐந்துகளை அடிக்கவில்லை.
வரைபடத்துக்குக் காசு கொடுத்து
வரைபடத்தை மறந்துவிட்டுப் போனாள்.
கதவு மணி ஓய்ந்த பிறகுதான் உறைத்தது.
ஒரு தட்டுக்கு
நாலே அதிகம்.